மூணாவது பாட்டில் ஒரு வாய்

பழைய கேசட்டைக் கடையில் கொடுத்து, அதன் மேலேயே வேறு பாட்டுப் பதிந்து வாங்கிப் போகிறீர்களே, அதில் முதலில் இருந்தது எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? நானும் யோசித்ததில்லைங்க. கோயமுத்தூர் கணபதியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் மூணு வருஷம் உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரே வேலையைச் செய்தவள் நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது, அப்புறம் கல்யாணம், அப்புறம் கேசட். ஜனங்கள் வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், அந்த வரிசையில் பதிந்து கொடுப்போம். கடையில் நின்று பிழைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வருகிறவர் எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்பதுதான் பாதி வேலை. ஒருத்தர் பன்னிரண்டு பாட்டு எழுதிவிட்டு, கடைசியில் "மிச்சம் இடம் இருந்தால் ஏதாவது நல்ல பாட்டு" என்று எழுதியிருந்தார். அப்படியானால் மேலே இருக்கிற பன்னிரண்டும் என்னவாம்? கேட்க முடியுமா, "ஆகட்டுங்க" என்றேன்.

பாடாத கேசட்

எங்கள் முதலாளி பொன்னுசாமியண்ணன் ஒருமுறை பெங்களூர் போய்விட்டு வரும்போது ஒரு இங்கிலீஷ் கேசட் வாங்கி வந்தார். பக்கத்துத் தெருவில் இருந்த பல் டாக்டர், காத்திருக்கிறவர்கள் பயப்படாமல் இருக்க மெதுவாக ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தாராம். அட்டையில் ஒரு ஆள் பியானோ மேல் முழங்கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தார். "இது ஜாஸ் அம்மணி. வெள்ளைக்காரங்க வேலை முடிஞ்சு சும்மா சாஞ்சு உக்காந்து கேக்கறது" என்றார் அண்ணன். போட்டுப் பார்த்தேன். அந்த ஆள் அவசரமே இல்லாமல் வாசித்துக்கொண்டு போனார். பின்னால் டிரம்ஸ், யாரோ ஈரத் துணி உதறுகிற மாதிரி. நடுநடுவே சாக்ஸபோன் கொட்டாவி விட்டது. கேட்கக் கேட்கத் தோள் இறங்கிப்போயிற்று.

விலைக்கு வாங்கிய கம்பெனி கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டித் தேய்க்கக் கூடாது என்பது அண்ணன் வைத்த சட்டம். ஒரே ஒரு தடவை அதை நல்ல கேசட் ஒன்றில் பதிந்துகொள்வோம். அதற்குப் பேர் மாஸ்டர். அப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் மாஸ்டரில் இருந்துதான் பதிவோம். நல்ல கேசட்டுக்கு எங்கே போவது என்கிறீர்களா? பொங்கலுக்கு முன்னால் வாசலில் வேப்பிலைக் காப்புக் கட்ட வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஊரெல்லாம் பழைய கேசட் வெளியே வரும். ரெண்டு பழசு கொடுத்தால் புதுப் பாட்டோடு ஒன்று தருவோம். அப்படிச் சேர்ந்த சாக்கில் கை விட்டேன். பொன் நிறத்தில் எழுத்துப் போட்ட வெளிநாட்டுக் கேசட் ஒன்று கிடைத்தது. இந்த ஊர்க் கடைகளில் கிடைக்காத சரக்கு. மேலே ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது, எழுத்து ஒன்றும் புரியவில்லை. மீதியையும் நகத்தால் சுரண்டிவிட்டு, அதிலேயே மாஸ்டர் பதிந்தேன்.

கடையில் முதல் முறை அது ஓடியபோது, பக்திப் பாட்டு வாங்க வந்த அரிசி மண்டிக்காரர் ஒரு பக்கம் முழுக்கப் பொறுமையாக நின்று கேட்டார். டேப் நின்றதும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, பாடறவரு எப்பங்க வருவாரு?"

பாப்பு சாப்பிடுகிறாள்

என் பெண் பாப்புவுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கடைக்கே தூக்கி வந்துவிடுவேன். அலமாரிக்குப் பின்னால் ஒரு பாய், ரெண்டு தலையணை. சினிமாப் பாட்டுப் போட்டால் தூங்க மாட்டாள், இந்தப் பியானோவைப் போட்டால் ரெண்டாவது பாட்டுக்குள் கண் சொருகிவிடும். எனக்கு வேறென்ன வேண்டும்? மத்தியானம் தினமும் மாஸ்டரைத்தான் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். ரெண்டாவது பாட்டில் தூங்குகிறவள் மூணாவது பாட்டில் கண்ணைத் திறந்தாள். அது ரொம்ப மெதுவான பாட்டு, டிரம்ஸ்கூட இல்லை. பியானோக்காரர் ஒரு கட்டையைத் தட்டிவிட்டு, அடுத்ததைத் தட்ட மறந்துபோன மாதிரி விட்டு விட்டு வாசிப்பார். பாப்பு ஸ்பீக்கரைப் பார்த்துத் திரும்பினாள். வாயை "ஆ" என்று திறந்தாள். மூடினாள், மென்றாள், விழுங்கினாள். மறுபடியும் திறந்தாள். வாயில் ஒன்றும் இல்லை, விரலை விட்டே பார்த்துவிட்டேன். மறுநாளும் அதே பாட்டு, அதே இடம், அதே "ஆ". பக்கத்துத் தையல் கடைச் சரசக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விளையாட்டாகத்தான் கூப்பிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"இன்னிக்கு மத்தியானம் சோறு உண்டாளா?" என்று கேட்டாள்.

"ஒரு பருக்கை இறங்கலீங்கக்கா. ரெண்டு நாளா இப்படித்தான்."

சரசக்கா குனிந்து குழந்தையின் வயிற்றைத் தொட்டாள், கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "ஆரோ ஊட்டறாங்க அம்மணி. வயிறு நெறஞ்சிருக்குது, நீயே தொட்டுப் பாரு."

பல் டாக்டரின் நர்ஸ்

நான் நம்பவில்லைங்க. பிள்ளைகள் ஆயிரம் செய்யும், சாம்பலைத் தின்னும், சுவரைப் பார்த்துச் சிரிக்கும். அடுத்த வாரம் பல் டாக்டரின் நர்ஸ், நாங்கள் பதிந்து கொடுத்திருந்த கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். கலகலவென்று பேசுகிற பெண். அன்றைக்கு வாசலிலேயே நின்றாள், உள்ளே ஏறவில்லை.

"கேசட்டு சுத்துலீங்களா?" என்றேன்.

"நல்லாச் சுத்துதுங்க. அதான் வம்பே."

காத்திருக்கிற அறையில் இது ஓடும்போது ஆட்கள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்கிறார்களாம். பின்னால் சுவர். ஒரு பெரியவர் பெஞ்சில் பக்கத்து இடத்தைத் துடைத்துவிட்டு, நகர்ந்து உட்கார்ந்தாராம். யாருக்கு என்று கேட்டால், "அந்தம்மாவுக்கு" என்றாராம். அறையில் பெண்கள் யாருமே இல்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கறதில்லீங்க" என்றாள் நர்ஸ். "ஆனா நேத்து ஆரையுமே நான் கூப்புடுல. ரெண்டு பேரு எந்திருச்சு உள்ள வந்துட்டாங்க. கேட்டா, 'வா வான்னு நீதானம்மா கூப்பிட்டே'ங்கறாங்க."

பவானிக்காரர் வீட்டுச் சண்டை

பயத்தைக் கொஞ்ச நேரம் மறக்கடித்தவர் பவானிக்காரர். ஜமுக்காளம் கொண்டுவந்து கோயமுத்தூர்க் கடைகளுக்குப் போடுகிறவர், வருகிறபோதெல்லாம் ஏதாவது கேசட் வாங்கிப் போவார். தறிச் சத்தத்திலேயே நாளெல்லாம் இருப்பவர் என்று பியானோ கேசட்டை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பதினைந்து நாளில் திரும்பி வந்தார். மூஞ்சி தொங்கிப்போயிருந்தது.

"அம்மணி, நீ எனக்கு என்ன கேசட்டுக் குடுத்தே?"

"ஏனுங்க, நல்லால்லீங்களா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்குது. அதுக்குள்ள ஒரு பொம்பளை இருக்கறா."

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம், தறியில் இருந்து இருந்து காது மந்தம். அவர் மனைவிக்குக் கேட்டிருக்கிறது. மூணாவது பாட்டில் ஒரு பெண் கொஞ்சுகிறாளாம். 'சாமி, கண்ணு' என்கிறாளாம். கோயமுத்தூரில் யாரோ ஒருத்தி கொஞ்சி அனுப்பிய கேசட்டை இந்த மனுசன் கூச்சமில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுவிட்டார் என்று அந்தம்மா மூணு நாளாக அடுப்புப் பற்ற வைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: நான் ஒருத்தரிடமும் எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. பாப்புவுக்கும் மூணாவது, அந்தம்மாவுக்கும் மூணாவது. அவரோ கையெடுத்துக் கும்பிட்டார்: "கேசட்டு மாத்தித் தர வேண்டாம். எம்பட ஊட்டுக்காரிகிட்ட ஒருக்கா வந்து, அது நீ இல்லைன்னு மட்டும் சொல்லிப்போடு அம்மணி."

மெக்கானிக் சொன்னது

அண்ணனிடம் சொன்னேன். பேய், பிசாசு என்று கடைக்குப் பேர் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று, உடனே டேப் மெக்கானிக் துரையை வரச் சொன்னார். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. துரை மாஸ்டரைப் போட்டு, ஹெட்போனை என் காதில் மாட்டினார். முதல் ரெண்டு பாட்டில் டிரம்ஸ் இருந்ததால் ஒன்றுமே தெரியவில்லை. மூணாவது வந்தது. பியானோ நின்று நின்று போகிற இடைவெளிகளில், தண்ணீருக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி, ஒரு பெண் குரல். "வா, வா சாமி... ஓடாதே... ஆ காட்டு... இன்னொரு வாய்..." அதற்கும் கீழே, ஒரு குழந்தை சிரிக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இறங்கி மெஷின் மெதுவாயிற்று. பியானோ குழைந்து தடித்தது. அந்தப் பெண்ணின் குரலும் கூடவே ஆம்பிளைக் குரலாகித் தாழ்ந்து, "இன்னொரு" என்பதிலேயே நின்றுபோயிற்று. நான் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டேன். பாயில் உட்கார்ந்திருந்த பாப்பு வாயைத் திறந்தபடி இருந்தாள். ஸ்பீக்கரே போடவில்லைங்க. சத்தம் என் காதில் மட்டும்தான் வந்தது.

துரை மெஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். புதுசு பதிவதற்கு முன்னால் பழசை அழிப்பதற்கென்று உள்ளே ஒரு ஹெட் இருக்கிறதாம். எங்கள் மெஷினில் அது தேய்ந்துவிட்டது. ரொம்ப நாளாகவே நாங்கள் பதிகிற எல்லாக் கேசட்டிலும் பழசு லேசாக அடியில் தங்கித்தான் இருந்திருக்கிறது. சினிமாப் பாட்டுப் போடுகிற சத்தத்தில் அது அமுங்கிவிடும். இந்தப் பியானோக்காரர்தான் மூச்சு விட இடம் கொடுத்து வாசிக்கிறார். மாஸ்டரில் தங்கிய குரல், அதில் இருந்து எடுத்த எல்லாக் கேசட்டுக்கும் போய்விட்டது. புது ஹெட் மாட்டிவிட்டு, திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "பேயெல்லாம் இல்லீங்க அம்மணி. ஆரோ ஒரு அம்மா, அவ்வளவுதான்."

சிவப்புப் பட்டன்

ஆரோ ஒரு அம்மா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே தூக்கம் போயிற்று. உயிரோடு இருக்கிறவள் என்றால் இப்படிக் கேசட்டில் கிடந்து ஊட்ட வேண்டியதில்லையே. அண்ணனுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. "புது ஹெட்டுத்தான் மாட்டியாச்சே. கம்பெனி கேசட்டைப் போட்டு, அதே மாஸ்டர் மேல மறுபடி பதிஞ்சுபோடு. சுத்தமாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அதைச் செய்ய உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கம்பெனி கேசட், மறு பக்கம் மாஸ்டர். சிவப்புப் பட்டனை அமுக்கினேன். சம்பளம் வாங்குகிறவள், சொன்னதைச் செய்கிறவள். முதல் பாட்டு போயிற்று, ரெண்டாவது போயிற்று. மூணாவது தொடங்கியதும் பாப்பு எழுந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் ஓடுவது கம்பெனி கேசட்டுங்க, பெங்களூரில் வாங்கியது, எந்தக் குரலும் அதில் கிடையாது. பாப்பு வாயைத் திறந்தாள். நானூறு தடவை ஊட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா அந்த முகம்? எதிரே ஒருத்தி கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தால்தான் பிள்ளை அப்படி நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பாட்டுக்கு வாயைத் திறந்து பழகிப்போயிருக்கும் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. ஊட்டிக்கொண்டிருக்கிறவளைப் பாதியில் எழுந்து போ என்று சொல்கிறோம் என்றுதான் பட்டது. நிறுத்தும் பட்டனைக் குத்தினேன். மாஸ்டரை எடுத்து, பாப்புவின் பால் பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

"ஆச்சா?" என்றார் அண்ணன், சாயங்காலம்.

"டேப்பு சிக்கிக்கிச்சுங்கண்ணா. அத்துப்போச்சு. குப்பையில போட்டுட்டேன். வேற கேசட்டுல பதிஞ்சுக்கறேனுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். மூணு வருஷத்தில் என் கையில் ஒரு டேப்பும் அறுந்ததில்லை, அது அவருக்கும் தெரியும். "பொய் சொல்றவங்க இன்னுங் கொஞ்சம் சுருக்கமாச் சொல்லோணும் அம்மணி" என்றார்.

போத்தனூரில் இருந்து ரெண்டு பேர்

அதற்கப்புறம் மூணு வாரம். மத்தியானம் ஒருத்தர் வந்தார், கூடப் பத்து வயசுப் பெண். சட்டைப் பையில் ஒரு காகிதம், அதில் கேசட் கடைகளின் பேராக எழுதி அடித்து அடித்து வைத்திருந்தார். எங்கள் கடைதான் கடைசி.

"பொங்கலுக்கு எந்தங்கச்சி ஊடு சுத்தம் பண்றேன்னு பழைய கேசட்டெல்லாம் எடுத்து ஏதோ கடையில மாத்திப்போட்டாளுங்க. எந்தக் கடைன்னு அவளுக்கே நெனவில்லை. அதுல ஒண்ணு மட்டும் வேணுமுங்க. பொன் நெறத்துல எழுத்து இருக்கும்."

அவர் பேர் சண்முகம். மஸ்கட்டில் வெல்டராக இருந்தபோது அவர் வாங்கி அனுப்பிய கேசட் அது. மனைவி அதில் பேசிப் பதிந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதற்கு அடுத்த வருஷமே காய்ச்சல், மூணே நாளில் போய்விட்டாள். பெண்ணுக்கு அப்போது ரெண்டு வயசு, அம்மா முகம் போட்டோவில்தான். பெண்ணுக்குப் புரிகிற வயசில் போட்டுக் காட்டலாம் என்று எட்டு வருஷமாகப் பீரோவில் பூட்டியே வைத்திருந்தாராம். "கௌசிக்கு அவங்கம்மா குரலே தெரியாதுங்க" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பால் பவுடர் டப்பாவைத் திறந்தேன்.

முதல் ரெண்டு பாட்டு நீளத்துக்கு நான்தானே அழித்தேன், அதுவும் புது ஹெட்டால், சுத்தமாக. மறைக்க முடியாது, சொல்லிவிட்டேன். நடந்தது முழுக்கச் சொன்னேன். அவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். முதல் பாட்டு, ரெண்டாவது பாட்டு. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மூணாவது வந்தபோது ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"என்னை மன்னிச்சுப்போடுங்க" என்றேன்.

"மொதல்ல கொஞ்ச நேரம் எங்கிட்டப் பேசியிருப்பா. ஊட்டுச் செலவு, கெணத்துல தண்ணி, எப்ப வருவீங்கன்னு. அது போயிருச்சு. நான் அதைக் கேட்டவந்தானுங்க, எனக்கு மனப்பாடம்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். "அதுக்கப்புறந்தான் இவளுக்குச் சோறூட்டுவா, நான் கேக்கோணும்னு. அது இருக்குது. இவளுக்குண்டானது இருக்குதுங்க."

ஹெட்போனைப் பெண்ணின் தலையில் மாட்டினேன், அவள் சின்னத் தலைக்கு அது பெரிசு, ரெண்டு பக்கமும் நானே பிடித்துக்கொண்டேன். டேப்பைப் பின்னால் ஓட்டி மூணாவது பாட்டில் வைத்தேன். அவள் கண்ணை மூடினாள். பாயில் இருந்த பாப்பு அன்றைக்கு வாயைத் திறக்கவில்லைங்க. தலையணையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரசக்கா எப்போது வந்து நின்றாளோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கௌசியின் உதடு மெதுவாகப் பிரிந்தது. அவளுக்கே தெரியாமல், பத்து வயசுப் பெண், "ஆ" என்று வாயைத் திறந்தாள்.

மூணு வருஷம் கேசட் கடையில் உட்கார்ந்து, இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று கேட்டு வராத ஆளே கிடையாதுங்க, ஆனால் ஓடுகிற பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டவள், கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து இழுத்த அந்த ஒருத்திதான்: "அக்கா, அந்தப் பியானோக்காரரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கக்கா."